மிதுசாவின் மூன்று கண்ணாடிகள்

பக்கத்து அறைக்குள் இருந்து பீப், பீப், பீப் என்று மெல்லிய சத்தம் வந்தது. ஒரு கணம் அமைதி. பிறகு, பிழையைப் பிடித்துவிட்ட வாத்தியாரின் குரல்போல, நீளமாக ஒரு பீப்.

இராஜேஸ்வரியின் கையில் இருந்த பற்றிஸ் பலகாரத் தட்டு ஆடி நின்றது.

“உது என்ன சத்தம், தங்கச்சி?” சோபாவின் நுனியில் இருந்த சுகன்யாதேவி தலையைத் திருப்பினார். பெண் பார்க்க வந்த வீட்டில் அவர் இன்னும் சாய்ந்து உட்காரவில்லை.

“அது எங்கட சாமியறை, அக்கா. பிள்ளை விளக்கேத்துறா போல. இப்ப எல்லாம் எலெக்ட்ரிக்தானே.”

“விளக்குக்கும் நம்பர் அடிக்கவேணுமோ, அன்ரி?” என்றான் பக்கத்தில் இருந்த தாரகன். சுகன்யாதேவியின் மகன். டோர்ட்முண்டில் லிப்ட் திருத்துகிற வேலை. பொத்தான் அழுத்துகிற சத்தத்தை அவன் காது தவறவிடாது.

“ஜெர்மன்காரன் எல்லாத்துக்கும் ஒரு நம்பர் வைச்சிருப்பான், தம்பி. பற்றிஸ் எடுங்கோ. ஆறப்போகுது.”

சுவருக்கு அந்தப் பக்கம், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் துவக்குடன், நீளக் குழல் துப்பாக்கியுடன், மிதுசா இரும்பு அலுமாரியின் முன் நின்றிருந்தாள். இரண்டாம் தரம் நம்பரை அழுத்தினாள். கதவு திறந்தது. துவக்கை உள்ளே நிறுத்தி, கைபிடியைத் திருகிப் பூட்டி, அம்மா காலையில் தேடி எடுத்துத் தந்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையை அலுமாரியின் தலையிலிருந்து கால்வரை மறுபடி இழுத்து மூடினாள். சேலைக்கு மேலே, நடுவில், ஒரு முருகன் படம். எல்லாம் இராஜேஸ்வரியின் ஏற்பாடு. துவக்கு வைத்திருக்கிற பெண்ணை யார் கட்டுவான் என்பது அந்தத் தாயின் தீராத கவலை.

பிழையெல்லாம் ரயிலால் வந்தது. டோர்ட்முண்டில் இருந்து எசனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில் எப்படியும் பிந்தும் என்று நம்பித்தான் மிதுசா சாப்பிட்ட பிறகும் துவக்கை வெளியே எடுத்துவைத்து அந்த அறையிலேயே இருந்தாள். ஜெர்மனியில் இத்தனை காலம் இருந்துவிட்ட எந்தக் குடும்பமும் அப்படித்தான் கணக்குப் போடும். இந்த ஒரு ஞாயிறு பார்த்து ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது.

ஜன்னலோர மேசையில் இன்னும் மூன்று கண்ணாடிகள் கிடந்தன. துவக்கின் முதுகில் பூட்டுகிற நீளக் குழாய்த் தொலைநோக்கிகள். அவள் சுடப் பழகிய கிளப்பில் அவற்றைக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தாள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் மறுநாள் கடைக்காரன் ஜூலியனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவற்றை ஒளிக்க நேரம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மாதத்துப் பனிப்புகார், பஞ்சை உதறிவிட்டதுபோல், கால்வாயின் மேல் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

மிதுசா எசனில் பிறந்தவள். அப்பா தங்கராசா அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்கே கடந்து, கடைசியில் இந்த ஊரில் டிராம் ஓட்டுகிறவராக நிலைத்தவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. பட்டுச் சேலை போர்த்திய அலுமாரியைக் காலையில் ஒருதரம் பார்த்தார். “எனக்கு இண்டைக்கு டியூட்டி” என்று சொல்லி, வேறொருவனின் ஞாயிற்று வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடம் முடிய, கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, மிதுசா ரைன் ஆற்றங்கரைக்குப் போனாள். ஆற்று அணைகளைக் காக்கிற வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண், அவள் ஒருத்திதான் தமிழ். அம்மா கோயிலில் யாராவது கேட்டால், “தண்ணி டிப்பார்ட்மென்ட்” என்று முடித்துக்கொள்வார்.

அணை என்றால் கல்லும் சீமெந்தும் இல்லை. ஆற்றோடு கூடவே வளைந்து போகிற நீண்ட மண்மேடு. மேலே புல். புல்லை மேய ஆடுகள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஓட்டு வீடுகள், தொட்டில்கள், நித்திரை. அந்த மண்ணுக்குள் நூட்ரியா என்ற தண்ணீர்ப் பிராணி வளை தோண்டும். பூனையைவிடப் பெரியது, எலி வாலும் செம்மஞ்சள் பல்லும் உள்ளது. வெளியே ஒரு சின்ன ஓட்டை. உள்ளே ஓர் ஆள் படுக்கலாம். ஆறு பெருகுகிற நாளில் அந்த ஓட்டையால்தான் வெள்ளம் வரும். அதற்காகத்தான் மிதுசா பரீட்சை எழுதி, உரிமம் எடுத்து, அந்தத் துவக்கைக் கையில் எடுத்தாள். கை பிசகக்கூடாது என்பதற்காக வாராவாரம் கிளப்பில் கடுதாசிக் குறியில் சுட்டுப் பழகினாள்.

பழைய கண்ணாடிக்குள் ஈரம் புகுந்துவிட்டிருந்தது. புரட்டாதியில் ஒரு மாலை, நாணலுக்குள் ஒரு தலை நீந்தி வந்தது. கண்ணாடிக்குள் எல்லாம் பால் கலந்த தண்ணீராகத் தெரிந்தது. அவள் விசையில் விரலை வைக்கவில்லை. துவக்கை இறக்கினாள். அந்த மிருகம் அகன்ற வாலால் தண்ணீரில் ஓர் அடி அடித்துவிட்டு மூழ்கியது. பீவர். சுடக்கூடாதென்று சட்டம் காக்கிற மிருகம். அடுத்த கிழமையே ஜூலியனின் கடைக்குப் போனாள்.

அதற்குச் சில மாதம் முன்பு, கோடையில்தான் தாரகனின் குரல் அவள் வாழ்க்கைக்குள் வந்தது.

ஹம் ஊர்க் கோயில் தேர்த் திருவிழாவன்று யாரோ ஓர் அக்கா இருவருடைய நம்பரையும் மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போன். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவன் சொல்வான். “கதவைத் திறக்கிறது பெரிய வேலையில்லை, மிதுசா. திறக்கு மட்டும் அவையோட கதைச்சுக்கொண்டிருக்கிறதுதான் வேலை. கதவு திறக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கவேணும்.” அவள் ஆடுகளைப் பற்றிச் சொல்வாள். புல்லில் பனி விழுகிற சத்தத்தைச் சொல்வாள். “நான் ஓட்டை அடைக்கிற ஆள்” என்பாள். ஓட்டையைத் தோண்டுவது எது, அதை எப்படித் தடுப்பது என்று மட்டும் சொன்னதில்லை.

சொல்லத்தான் இருந்தாள். அதற்குள் ஒரு நாள் அவன் அண்ணாவைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

வன்னியில், போரின் கடைசிக் காலத்தில், விடியற்புறப் புகாருக்குள் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போனவர். தூரத்தில் இருந்து வந்த ஒரே வெடி. தாரகன் அப்போது அரும்பு மீசைப் பையன். கூடப் போனவன் அவன்தான். “அம்மா இண்டைக்கும் ஒண்டுதான் சொல்லுவா. புகாருக்குள்ளை ஆளைத் தெரிஞ்சிராது, தெரிஞ்சிருந்தால் சுட்டிருக்க மாட்டாங்கள், அவன்ரை முகத்தைப் பார்த்தால் ஆருக்கும் மனம் வராது எண்டு. அந்த ஒரு கதையைப் பிடிச்சுக்கொண்டுதான் அவ உயிரோடை இருக்கிறா.”

அன்று போனை வைத்த பிறகு மிதுசா வெகுநேரம் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவனை இழந்துவிடுவேனோ என்ற பயம் முதன்முதலாக அன்றைக்குத்தான் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அது பிறகு எழுந்து போகவேயில்லை.

“மிதுசா, தேத்தண்ணி” என்று அம்மாவின் குரல் அழைத்தது.

அவள் தட்டத்தோடு வந்தாள். குனிந்து கொடுக்கும்போது சுகன்யாதேவி மூக்கைச் சுருக்கினார்.

“என்ன பிள்ளை, கையிலை ஒரு எண்ணெய் மணம்?”

“இரும்புக்குப் போடுற எண்ணெய், அன்ரி. வேலைச் சாமான்.”

“என்ரை கையும் உதே மணம்தான், அம்மா” என்றான் தாரகன், கோப்பையை எடுத்துக்கொண்டே. “சோப்புப் போட்டாலும் போகாது. ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணெய்.”

“ஓம், வாயைப் பார். இப்பவே பங்கு பிரிக்கிறான்” என்றார் தாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சுகன்யாதேவி முதல் முறையாகச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். மிதுசாவின் கண்கள் ஒரு நொடி தாரகனின் கண்களில் தங்கின. குரலாக மட்டும் இருந்தவனுக்கு இப்போது கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, சிரித்தால் அது மறைந்தது.

சுகன்யாதேவி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொதியை எடுத்தார்.

“இது காலமை கோயிலிலை அர்ச்சனை செய்த பூ. சாமியறை இருக்கெண்டு சொன்னியள். வைச்சிட்டு வாறன்.”

இராஜேஸ்வரி எழுந்துவிட்டார். “அக்கா, அறை கூட்டேல்லை. நான் வைக்கிறன், தாங்கோ.”

“சாமிக்கு என்ன கூட்டினது, கூட்டாதது. என்ரை கையால வைக்கவேணும் எண்டு நேர்த்தி.”

அவர் நடந்து போய்விட்டார். இராஜேஸ்வரி மகளைப் பார்த்தார். மகள் அறை வாசலை நோக்கி ஓடினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பட்டுச் சேலை விளக்குச் சுடர்போல மின்னிக்கொண்டிருந்தது. சுகன்யாதேவி செருப்பில்லாத கால்களைச் சேர்த்துவைத்து, பூவை முருகன் படத்தின் கீழே, சேலையின் மடிப்பில் செருகினார். கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன.

“மூத்தவனை எடுத்துப்போட்டாய். நான் ஒண்டும் கேக்கேல்லை. இவனுக்காவது ஒரு நல்ல வீட்டைக் குடு, அப்பனே. சத்தம் சந்தடி இல்லாத வீட்டைக் குடு.”

வாசலில் நின்ற மிதுசாவின் கண்ணில் நீர் முட்டியது. துவக்கால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், துவக்கு நிற்கிற அலுமாரியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்க அவளால் ஏலவில்லை. வாயைத் திறந்தால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரல் போகும். அந்தப் பின்னேரங்கள் போகும்.

“அன்ரி,” என்றாள். “அதுக்குள்ளை சாமி இல்லை.”

“என்ன பிள்ளை?”

“மிதுசா” என்று பின்னால் அம்மா எச்சரித்தார்.

“அது சாமி அலுமாரி இல்லை, அன்ரி. அதுக்குள்ளை என்ரை துவக்கு இருக்கு.”

கும்பிட்ட கைகள் கும்பிட்டபடியே நின்றன. பிறகு அவை ஒன்றையொன்று விட்டு மெல்லக் கீழே இறங்கின. சுகன்யாதேவி பூவைப் பார்த்தார். மிதுசாவைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், சோபாவில், வந்தபோது இருந்த அதே நுனியில் உட்கார்ந்தார். “எல்லாம் என்ரை பிழை, அக்கா” என்று இராஜேஸ்வரி அழத் தொடங்குவது கேட்டது.

தாரகன் அறைக்குள் வந்தான். அலுமாரியைப் பார்க்காமல், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

“எப்ப தொடக்கம்?”

“உங்களோடை கதைக்க முந்தியே. வேலைக்கு. அந்த ஓட்டையளைத் தோண்டுறதுகளைச் சுடுறனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“ஒவ்வொரு பின்னேரமும் சொல்லத்தான் போனை எடுத்தனான். அண்ணாவைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு ஏலாமப் போச்சு.”

அவன் தலையாட்டினான். கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் விடச் சொன்னால் விடுவீங்களோ?”

மிதுசா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “விடுவன் எண்டு சொல்ல வாய் வருது. ஆனா அது பொய். இண்டைக்கு இந்த வீட்டிலை சொன்ன பொய் காணும், இனி வேண்டாம்.”

அவன் அரைவாசி சிரித்தான். கண் மேசைக்குப் போனது. “இதுகள்?”

“கண்ணாடி. நாளைக்கு ரெண்டைத் திருப்பிக் குடுக்கவேணும். எதை வைச்சிருக்கிறதெண்டு முடிவெடுக்க ஏலாமக் கிடக்கு.”

“பெண் பார்க்க வந்த இடத்திலை கண்ணாடி பாக்கச் சொல்லுறீங்கள்.”

“வேறை என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தாரகன்.”

அவள் நீளமானதை எடுத்து அவனிடம் நீட்டினாள். “இது குறிக்குச் சுடுறவைக்கு. நல்லாப் பெருப்பிச்சுக் காட்டும், கடுதாசியிலை விழுந்த ஓட்டையையும் இஞ்சை இருந்து பாக்கலாம். ஆனா ஊசி முனையாலை பாக்கிற மாதிரி. பக்கத்திலை என்ன நிக்குதெண்டு தெரியாது. பொழுது பட்டால் கறுத்துப் போகும்.”

அவன் அதைக் கண்ணில் வைத்தான். கால்வாய்க் கரைப் புல்லின் ஒரு நுனி, அதில் ஒரு துளி. அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தான்.

“இது காட்டுக்குப் போறவைக்கு. முன் கண்ணாடி பெரிசு, பொழுது பட்ட மம்மல் நேரத்திலையும் வெளிச்சம் எடுக்கும். அகலமாத் தெரியும். ஆனா பெருப்பிக்கிறது குறைவு. ஒரு தலை வந்தால், அது எதின்ரை தலை எண்டு சந்தேகம் வரும்.”

“மற்றது?”

“மற்றது ரெண்டுக்கும் நடுவிலை. பாரம், விலையும் கூட. பக்கத்திலை ஒரு குமிழ் இருக்கு. கிட்ட இருக்கிறதுக்கும் தூர இருக்கிறதுக்கும் ஏற்ற மாதிரித் திருகவேணும். திருகினால் தெளிவு. பிசகித் திருகினால் ஒண்டும் தெரியாது.” அவள் நிறுத்தி, பிறகு சொன்னாள். “ஆக்கள் நினைக்கினம் சுடுறதுக்குத்தான் கண்ணாடி எண்டு. நான் பாக்கிறதிலை முக்கால்வாசி, சுடாமல் விடுறதுக்குத்தான்.”

அவன் மூன்றாவதைக் கண்ணில் வைத்தான். அவள் விரல் குமிழைத் திருகியது.

உலகம் ஒருதரம் கரைந்து, பிறகு சேர்ந்தது. கால்வாய் அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சத்தமே இல்லை. புகார் தண்ணீரின் மேல் திரையாகத் தொங்கியது, அந்தத் திரைக்குள் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் கனவு கண்டுகொண்டிருந்தது. அதன் கழுத்து இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அடுத்து ஓர் அன்னம், தன் நிழலைத் தானே கொத்திக் குழப்பியது. அதற்கும் அப்பால், அக்கரையில், தூண்டில் போட்டபடி ஒரு கிழவர். வெறுங்கண்ணுக்கு அவர் ஒரு கறுப்புப் புள்ளி. இதற்குள் அவர் மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. சட்டைக் கழுத்தில் ஒரு பொத்தான் இல்லை. மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் எதையோ நினைத்துத் தனக்குத்தானே புன்னகைத்தார்.

தாரகன் கண்ணாடியை இன்னும் இறுகப் பிடித்தான்.

“முகம் தெரியுது,” என்றான்.

“ஓம்.”

“இவ்வளவு தூரத்திலை. புகாருக்குள்ளையும்.”

“இது மெல்லிய புகார். நல்ல கண்ணாடி எண்டால் தெரியும்” என்றாள் மிதுசா. சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

அவன் கண்ணாடியை மெல்ல இறக்கினான். அதை மேசையில் வைத்தான்.

“அப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்,” என்றான். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. “வெடி விழுந்த பக்கம் நிண்டனான் நான், மிதுசா. சுடுறவன்ரை பக்கத்திலை இருந்து எப்பிடித் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது. அண்ணா அண்டைக்குச் சிரிச்சவர். கான் ஓட்டையெண்டு நான் என்னவோ பகிடி விட்டனான். சிரிச்சுக்கொண்டுதான் விழுந்தவர்.”

மிதுசாவுக்கு அவன் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி மேசையில் கிடந்தது, இன்னும் கால்வாயின் பக்கம் பார்த்துக்கொண்டு.

“தாரகன்.” வாசலில் சுகன்யாதேவி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்திருந்தார். “வா, போவம். ரயிலுக்கு நேரமாச்சு.” அவர் பார்வை மேசையில் விழுந்தது. “உது என்ன? துவக்கிலை பூட்டுறதே?”

“ஓம், அம்மா.”

“உதுக்குள்ளாலைதான் பாக்கிறவங்களோ?”

அந்தத் தாய் ஓர் அடி உள்ளே வந்தார்.

“என்ன தெரியுது?”

தாரகன் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். “ஒண்டும் தெரியேல்லை, அம்மா. புகார்தான்.”

“தா, பாப்பம்.”

“வேண்டாம், அம்மா. வாங்கோ போவம்.”

“தா எண்டுறன்.”

அவன் அசையவில்லை. கை நீட்டியபடியே நின்ற அந்தத் தாயின் கண்களில், இத்தனை காலமும் கேட்கப் பயந்த ஒரு கேள்வி வந்து நின்றது. மிதுசா மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். எடுக்கிற அந்த ஒரு கணத்தில், அவள் பெருவிரல் குமிழைப் பிடித்து, அது போகுமட்டும் மற்றப் பக்கத்துக்குத் திருகியது. தாரகன் அந்த விரலைப் பார்த்தான்.

“இப்பிடிப் பிடியுங்கோ, அன்ரி. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ.” அவர் கைகளைத் தன் கைகளால் தாங்கினாள். கண்ணாடியின் முகத்தைக் கிழவர் இருந்த பக்கமே திருப்பினாள்.

சுகன்யாதேவி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னால் வந்து நின்ற இராஜேஸ்வரி மூக்கை உறிஞ்சினார். வெளியே கிழவர் தூண்டிலை இழுத்து மறுபடி வீசினார். வெறுங்கண்ணுக்கு அந்தப் புள்ளி ஒருதரம் அசைந்ததுபோல் தெரிந்தது.

“ஓம்,” என்றார் கடைசியில். நெஞ்சுக்குள் நெடுங்காலமாகக் கட்டிக்கிடந்த ஒரு மூச்சு வெளியே வந்தது. “புகார்தான். வெள்ளையாக் கிடக்கு. நாணலோ மனுசரோ, ஒண்டும் தெரியேல்லை.” கண்ணாடியை மிதுசாவிடம் திருப்பிக் கொடுத்தார். “நான் சொன்னனானெல்லே, தம்பி. அவங்களுக்கும் தெரிஞ்சிராது. தெரிஞ்சிருந்தால் என்ரை பிள்ளையைச் சுட்டிருக்க மாட்டாங்கள்.”

“ஓம், அம்மா” என்றான் தாரகன்.

மிதுசா கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் இன்றைக்குப் பொய் காணும் என்று சற்று முன்னர் சொன்னவள் அவள்தான். அந்த நினைப்பில் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது தாரகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் கேட்ட குரலுக்கு இப்படியொரு பார்வை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கண்ணீர் அவன் கன்னத்துத் தழும்பின் வழியாக இறங்கி வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

சுகன்யாதேவி அலுமாரியின் முன்னால் மறுபடியும் நின்றார். இராஜேஸ்வரி பயந்துபோய், “அந்தப் பூவை நான் எடுத்து அங்காலை வைக்கிறன், அக்கா” என்றார்.

“வைச்ச பூவை எடுக்கிறேல்லை. கிடக்கட்டும். முருகன் படமெண்டு கும்பிட்டனான், அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.” சேலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஆனா இந்தப் பட்டை எடுத்து மடிச்சு வையும், தங்கச்சி. இரும்பிலை பட்டுப் பழுதாப் போகும். நல்ல சேலை. கலியாணத்துக்குக் கட்டக்கூடிய சேலை.”

எந்தக் கலியாணம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் துணிவும் இல்லை.

வந்தவர்கள் வாசலில் கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். இராஜேஸ்வரி மிச்சப் பற்றிஸை வெள்ளிக் கடுதாசியில் சுற்றிச் சுகன்யாதேவியின் பைக்குள் வைத்தார். “ஏனப்பா இவ்வளவு” என்று அவர் சொல்லிக்கொண்டே பையை அகலமாகத் திறந்து பிடித்தார். பிறகு கைபிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

தாரகன் பின்தங்கினான். சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே, நிமிராமல் பேசினான்.

“எனக்கு இன்னும் அந்த அலுமாரியைப் பாக்க ஏலாது, மிதுசா.”

“தெரியும்.”

“எப்ப ஏலும் எண்டும் தெரியாது.”

“ஓம்.”

அவன் எழுந்தான். “லிப்டுக்குள்ளை மாட்டினவைக்கு நான் சொல்லுறதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன்.” அவன் அதை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. கதவைப் பற்றிய அந்த வசனம் அவளுக்குக் கோடை முழுவதும் கேட்டுப் பழகியது.

“நாளைக்கு எதைத் திருப்பிக் குடுக்கப் போறீங்கள்?” என்று கேட்டான்.

“நீளமானதையும் பெரிசையும்.”

“ஓம். குமிழ் உள்ளதை வைச்சிருங்கோ.”

பிறகு அவன் இராஜேஸ்வரியின் பக்கம் திரும்பினான். வந்ததிலிருந்து அன்ரி, அன்ரி என்று அழைத்தவன், இப்போது ஒரு கணம் தயங்கி, தலையைச் சற்றே தாழ்த்தினான்.

“அப்ப போட்டு வாறம், மாமி.”

இராஜேஸ்வரி வாயில் கையை வைத்தார். கீழே, படிக்கட்டின் திருப்பத்தில், “தம்பி, ரயில் பிந்தாது போல கிடக்கு, கெதியா வா” என்று சுகன்யாதேவியின் குரல் எதிரொலித்தது. அவன் இறங்கினான். அவன் தலை கைபிடிக்குக் கீழே மறையும்வரை மிதுசா பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் தேய்ந்து, கீழ்க்கதவு திறந்து, புகாரின் குளிர் ஒருதரம் மேலே வந்து அவள் பாதத்தைத் தொட்டது. எண்ணெய் மணக்கும் கையால் அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.